முதலில சாசியைத் தட்டிப் பாருங்கோ

வருசக்கணக்கா ஓடாமல் கிடந்த ஜீப்புகளை எழுப்பிக் காட்டுற வீடியோக்கள் இப்ப கனக்க வருது. பாக்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா எல்லாத்திலையும் உச்சக்கட்டம் ஒண்டுதான். புதுப் பற்றறி வைப்பினம், காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விடுவினம், சாவியைத் திருப்புவினம். ரெண்டு தரம் இருமும், மூண்டாம் தரம் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடிக்கும். சுத்தி நிக்கிற எல்லாரும் கை தட்டுவினம். "20 வருசத்துக்குப் பிறகு முதல் சத்தம்!" எண்டு போட்டு வீடியோவும் முடிஞ்சிடும். எனக்கு எரிச்சல் வாறது அந்த இடத்திலதான். அந்தச் சத்தத்தை நம்பி, கையில இருக்கிற கொஞ்சக் காசையும் எஞ்சினுக்குள்ள கொட்டிப்போட்டு நிக்கிற ஆக்களுக்கு அதுக்குப் பிறகு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் காட்டுறேல்லை. நான் சொல்ல வாறது இதுதான்: மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு எண்டு எங்கட தீவுப்பக்கம் ஒரு பழைய சின்ன ஜீப்பைக் குறைஞ்ச காசில எழுப்ப நினைச்சால், எஞ்சினைக் கடைசியா யோசியுங்கோ. முதல் காசு சாசிக்கு. அடுத்தது பிறேக்குக்கு. எஞ்சின் ஓடாதது பெரிய வருத்தமே இல்லை. துருதான் வருத்தம்.

எந்த ஜீப் எண்டு கேப்பியள். சுசுகி எஸ்.ஜே.410 ஐ எடுத்துக்கொள்ளுவம். ஏழை எளியவனும் ஆசைப்படக்கூடிய ஜீப் அதுதான். 1981 இல வந்தது. 970 சிசி, நாலு சிலிண்டர், 45 குதிரைவலு. முழு வாகனமும் ஒரு தொன்னுக்குக் குறைவு. முன்னுக்கும் பின்னுக்கும் பிளேட் ஸ்பிரிங், உறுதியான அச்சு, அதுக்கு மேல ஏணி மாதிரி ஒரு சாசி, சாசிக்கு மேல போல்ற் போட்டு வைச்ச போடி. கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. ஒரு ஸ்பனர் பெட்டியும் கொஞ்சப் பொறுமையும் இருந்தாக் காணும், முழுக்கக் கழட்டிப் பூட்டலாம். (இந்தியாவில இதையே கொஞ்சம் நீட்டி, மாருதி ஜிப்சி எண்டு 1985 இல இருந்து 30 வருசத்துக்கு மேல செய்தவை. அங்கத்த ஆமிக்காரர் ஆயிரக்கணக்கில வாங்கினது அதைத்தான். பாகிஸ்தானில இதுக்குப் பேர் போத்தோகார்.) இந்த அமைப்பை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் அச்சுகளும் போடியும் எல்லாம் அந்த ஏணியிலதான் தொங்குது. எஞ்சின் போனால் இறக்கி வேற ஒண்டை ஏத்தலாம். கதவு போனால் கதவு தேடலாம். ஏணி உக்கினால் எதை எதில பூட்டுறது?

எஞ்சின் பெரிய விசயமில்லை எண்டு நான் வாய்க்கு வந்தபடி சொல்லேல்லை. யாழ்ப்பாணத்தவனுக்கு இதுக்குச் சாட்சி வெளியில தேடத் தேவையில்லை. 1990 இல சண்டை திரும்பத் தொடங்கினதோட பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, கரண்ட் இல்லை. றேடியோ கேக்கிறதுக்குச் சைக்கிள் டைனமோவைச் சுத்தின காலம். அந்தக் காலத்தில 1950களில இங்கிலாந்தில செய்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் எங்கட தெருவில ஓடிக்கொண்டுதான் இருந்தது, மண்ணெண்ணெயில! கொஞ்சூண்டு பெற்றோலை விட்டு எஞ்சினைப் பிடிக்கப்பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. கலியாண வீட்டுக்கும் போனது, ஆசுப்பத்திரிக்கும் போனது. பின்னால வாற புகையில கண் எரியும். ஆனா வாகனம் போய்ச் சேந்தது.

அது எப்பிடி ஏலுமாப் போனது எண்டு கொஞ்சம் விளக்கமாப் பாக்கோணும், ஏனெண்டா என்ர வாதத்தின்ர பாதி இதிலதான் இருக்கு. மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது. அதாலதான் முதல் பிடிக்கப்பண்ணப் பெற்றோல் வேணும். ஒக்ரேன் குறைஞ்ச எண்ணெய் எண்டபடியா, கடுமையா அமத்தினால் பொறியால பத்தின நெருப்பு வந்து சேர முதலே தானாப் பத்தி "டக டக" எண்டு தட்டும். ஆனா அந்தக் கால இங்கிலாந்து எஞ்சின்களின்ர அமுக்க விகிதம் 7 க்கு 1 மட்டில. மெதுவா அமத்திற எஞ்சின் எண்டபடியா சமாளிச்சுது. எரியாமல் மிஞ்சின மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதுக்கு அடிக்கடி ஒயில் மாத்தினவை. பிளக் கரி பிடிக்கும், கழட்டித் துடைச்சவை. அதாவது எஞ்சின் எண்டது கைவேலைக்கு மசியிற சாமான். காத்து, எண்ணெய், பொறி, அமுக்கம் எண்டு நாலு விசயம். நாலில எது பிழை எண்டு தெரிஞ்சால் கெட்டிக்கார மெக்கானிக் ஒருத்தர் ஒரு வழி கண்டுபிடிச்சிடுவார். ஒண்டும் கிடைக்காத காலத்திலயே அதைச் செய்து காட்டின ஊர் இது. இப்ப எல்லாம் கிடைக்கிற காலத்தில எஞ்சினுக்குப் பயப்பிடத் தேவையில்லை. எஸ்.ஜே.410 இன்ர எஞ்சின் குடும்பம் சுசுகியின்ர சின்ன வான்களிலயும் இருந்தது, சீனாவில 465 எண்ட பேரிலயும் செய்தவை. பிஸ்ரன் வளையமோ வால்வோ தேடி உலகம் சுத்தத் தேவையில்லை.

இந்த இடத்தில ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. "அந்தப் பழைய கார்களும் இதே உப்புக் காத்திலதானே நிண்டது? அதுகள் உக்கேல்லையே?" உக்கின கார்களை நாங்கள் இப்ப பாக்கேலாது எண்டதுதான் பதில். உக்கினது பழைய இரும்புக்குப் போட்டுது. மிஞ்சி நிக்கிறதை மட்டும் பாத்துப்போட்டு, அந்தக் காலத்துத் தகடு சாகாது எண்டு முடிவெடுக்கக் கூடாது. மிஞ்சின கார்கள் எப்பிடி மிஞ்சினது எண்டு பாத்தாலும் என்ர பக்கம்தான் நியாயம் வரும். தகடு தடிப்பு எண்டது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது வாடகைக்கு ஓடின வாகனம், சொந்தக்காரருக்குச் சோறு போட்ட வாகனம். ஒவ்வொரு நாளும் கழுவினவை, வருசத்துக்கு ஒருக்காக் கீழ கிறீஸும் பெயின்றும் பாத்தவை. எஞ்சினை எத்தினையோ தரம் மாத்தின கார்கள் இண்டைக்கும் ஓடுது. அடி உக்கின கார் ஒண்டும் ஓடேல்லை.

இனி உப்புக்கு வருவம். மண்கும்பானில நிண்டு பாத்தால் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் தூரமில்லை. வைகாசியில இருந்து சோளகம் அடிக்கும், மாரியில வாடை அடிக்கும், ரெண்டும் கடலைத் தொட்டுக்கொண்டுதான் வரும். பண்ணைத் தாம்போதியால போகேக்க காத்துக் கடுமையான நாளில கண்ணாடியில உப்புத் துமி படியிறதைக் காணாத ஆள் இல்லை. உப்பின்ர குணம் என்னெண்டால், காத்தில ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாவே தண்ணியை இழுத்துக் கரையத் தொடங்கும். (மாரி காலத்தில அடுப்படி உப்புப் போத்தில் கசியிறது இதாலதான்.) கடலுப்பில சேந்திருக்கிற மக்னீசியம் குளோறைட் அதைவிட மோசம், 33 வீதத்திலயே ஈரத்தை இழுக்கும். அதாவது மழையே பெய்யாத நாளிலயும், பத்திக்குள்ள நிக்கிற ஜீப்பின்ர சாசிக்கு மேல மெல்லிசா ஒரு உப்புத்தண்ணிப் படை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இரும்பை அரிச்சுக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு உள்ள ஒயில் இருக்கு, மூடி இருக்கு. சாசிக்கு உள்ள என்ன இருக்கு? வெறும் இரும்பும், வருசக்கணக்காச் சேந்த மண்ணும், அந்த மண்ணுக்குள்ள உப்பும்தான்.

எஸ்.ஜே.410 இன்ர சாசி பெட்டி மாதிரி மூடின குழல். வெளியில பெயின்ற் அடிக்கலாம், உள்ளுக்கு அடிக்கேலாது. தண்ணி வடிய எண்டு கம்பனி விட்ட ஓட்டையள் சேறு பிடிச்சு அடைபட்டுப் போகும். அப்ப உள்ளுக்கிருந்து வெளியால துரு வரும். வெளியில கொப்புளம் தெரியேக்க உள்ளுக்கு அரைவாசி போயிருக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு இடம் பிடிக்கும், அதாலதான் பொருத்துகள் வீங்கி வெடிக்கிறது. பாக்கவேண்டிய இடங்கள் எனக்குத் தெரிஞ்சவரை இதுகள்: பின் ஸ்பிரிங்கின்ர தொங்கல் பூட்டியிருக்கிற இடம், பின் சில்லுக்கு மேல சாசி வளையிற இடம், போடி உக்காந்திருக்கிற றப்பர்களுக்குக் கீழ, கால் வைக்கிற தகடு, முன் கண்ணாடிச் சட்டத்தின்ர கீழ் மூலை. ஆயுதம் ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு பழைய திருப்புளியும். சாசியை ஒரு முனையில இருந்து மறு முனைவரைக்கும் சாண் சாணாத் தட்டிக்கொண்டு போங்கோ. நல்ல இரும்பு "ணங்" எண்டு பாடும். உக்கின இடம் "டொக்" எண்டு செத்த சத்தம் போடும். அந்த இடத்தில திருப்புளியால குத்துங்கோ, உள்ள போனால் போகட்டும். விக்கிற ஆள் முகத்தைச் சுழிச்சாலும் பரவாயில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு மணித்தியாலம் காணும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கிற ஆள் இதைச் செய்யிறேல்லை.

சாசியை முதலில பார் எண்டு சொல்லுறதுக்கு இன்னுமொரு காரணம் இருக்கு, அது இரும்புக் கதை இல்லை, கடுதாசிக் கதை. வாகனத்தின்ர பிறப்பத்தாட்சி சாசியிலதான் பொறிச்சிருக்கு. 2022 இல பெற்றோலுக்கு நாட்கணக்கில வரிசையில நிண்டமே, அப்ப வந்த கியூ.ஆர். அட்டையை நினைச்சுப் பாருங்கோ. தொடக்கத்தில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டச்சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த அட்டையை எடுக்க வாகன இலக்கத்தோட சாசி இலக்கத்தையும்தான் கேட்டவை. துருவில அந்த இலக்கம் அழிஞ்சு போனாலோ, வாகனப் பதிவுப் புத்தகத்தில இருக்கிறதும் இரும்பில இருக்கிறதும் ஒத்து வராட்டிலோ, நீங்கள் எழுப்பினது வாகனம் இல்லை, வளவுக்குள்ள நிக்கிற பொம்மை. தீவகத்தில இது கூடுதல் சிக்கல். 1990 க்குப் பிறகு சனம் இடம்பெயர்ந்து, பாதிப்பேர் கடல் கடந்து போட்டினம். வாகனம் வளவில நிக்கும், புத்தகத்தில பேர் உள்ளவர் ரொறன்ரோவில இருப்பார், இல்லாட்டிக் காலமாகியிருப்பார். அப்ப வாரிசுகளின்ர ஒப்பமும் சட்டப் பத்திரங்களும் வேணும். அதோட வருமான அனுமதிப்பத்திரம் எத்தினை வருசம் கட்டாமல் கிடக்கு எண்டதைப் பிரதேச செயலகத்தில கேட்டு அறியோணும். காப்புறுதி வேணும், புகைப் பரிசோதனை வேணும். "சொந்தக்காரர்தானே, பிறகு பாப்பம்" எண்டு விடாதேங்கோ. கடுதாசி சரிவராத வாகனத்துக்கு ஒரு ஸ்பனர் கூட எடுக்காதேங்கோ.

இப்ப பெரிய மறுப்புக்கு வாறன். மெக்கானிக்மார் கனபேர் இதைத்தான் சொல்லுவினம்: "எஞ்சின் செத்ததோ உயிரோ எண்டு தெரியாமல் சாசிக்குக் காசு போடுறது விசர்வேலை." பாதி சரி. எஞ்சினைப் பாக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பாக்கிறதும் காசு போடுறதும் வேற வேற. பாக்கிறதுக்குப் பெரிசா ஒண்டும் தேவையில்லை. பிளக் நாலையும் கழட்டி, ஓட்டைக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் ஒயில் விட்டு ரெண்டு மூண்டு நாள் ஊற விடுங்கோ. பிறகு முன்னுக்கிருக்கிற புல்லி போல்ற்றில ஸ்பனரைப் போட்டுக் கையால மெதுவாச் சுத்துங்கோ. சுத்தினால் உயிர் இருக்கு. சுத்தாட்டி அவசரப்பட்டு நெம்பாதேங்கோ, இன்னும் ஊற விடுங்கோ. பிறகு அமுக்கம் அளந்து நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவில நிக்குதோ எண்டு பாருங்கோ. பழைய ரைமிங் பெல்ற்றை நம்பி ஸ்ராட்டரை அடிக்க வேண்டாம், அதை மாத்திப்போட்டு அடியுங்கோ. தாங்கியில கிடக்கிற பழைய பெற்றோல் பிசினாப் போயிருக்கும், அதை எடுத்துப்போட்டு ஒரு போத்திலில புதுப் பெற்றோலைத் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். இவ்வளவும் சோதனை. இதோட நிப்பாட்டுங்கோ. எஞ்சினை முழுக்கக் கழட்டி, போர் அடிச்சு, பளபளப்பாக்கிற ஆசையைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938 இல அமெரிக்காவின்ர குளொஸ்ரர் துறைமுகம்வரைக்கும் பாய்மரத்தில போனது. அந்தக் கப்பலைக் கட்டின எங்கட ஆக்கள் அடியைக் கட்டி முடிச்சுப்போட்டுத்தான் பாயை விரிச்சிருப்பினம்.

சாசி நல்லாயிருந்தால், இல்லாட்டி ஒட்டுப்போட்டு நல்லாக்கலாம் எண்டால், அடுத்த காசு பிறேக்குக்கு. ஓட வைக்க முதல் நிக்க வைக்கோணும். வருசக்கணக்கா நிண்ட ஜீப்பில சில்லு சிலிண்டர் எல்லாம் இறுகியிருக்கும், மாஸ்ரர் சிலிண்டரின்ர றப்பர் உப்பியிருக்கும். பிறேக் ஒயில் காத்தில இருந்து ஈரத்தை உறிஞ்சிற சாமான், அந்த ஈரம் உள்ளுக்கிருந்து அரிக்கும். வெளியில சாசியோட ஓடுற இரும்புப் பிறேக் குழாயை உப்பு அரிக்கும். ரெண்டு பக்கத்தாலையும் மெலிஞ்ச குழாய், நீங்கள் ஒரு நாள் மாட்டுக்கோ பிள்ளைக்கோ அவசரமா மிதிக்கேக்கதான் வெடிக்கும். ஏனெண்டா அண்டைக்குத்தான் முழு அமுக்கமும் போகும். இதில பழசைத் துடைச்சுப் போடுற மிச்சம் பிடிப்பு வேண்டாம். குழாய், றப்பர், ஒயில் எல்லாம் புதுசு. ரயரும் அப்பிடித்தான். பூ நல்லா இருக்குதெண்டு ஏமாறாதேங்கோ, பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 2309 எண்டால் 2009 ஆம் ஆண்டு 23 ஆவது கிழமை செய்தது. பத்து வருசம் தாண்டின ரயரை, ஓடாமலே கிடந்தாலும், எறியோணும்.

காசை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு கேட்டால் என்ர கணக்கு இது. கையில பத்துப் பங்கு இருந்தால் நாலு பங்கு சாசியும் தகடும், மூண்டு பங்கு பிறேக்கும் ஸ்ரியறிங்கும் ரயரும், ஒரு பங்கு எஞ்சின், ஒரு பங்கு கடுதாசி, ஒரு பங்கைத் தொடாமல் வைச்சிருக்கோணும், நினையாத ஒண்டு கட்டாயம் வரும். பெயின்றுக்குப் பங்கே இல்லையோ எண்டு கேப்பினம். இல்லை. துருவுக்கு மேல பட்டி பூசி, பட்டிக்கு மேல மினுக்கமாப் பெயின்ற் அடிச்ச ஜீப்தான் இருக்கிறதிலயே ஆபத்தான ஜீப். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைச்சிருந்து பின்னால தகட்டைத் தின்னும், கண்ணுக்கும் தெரியவிடாது. தகட்டு வேலையிலயும் கவனிக்கவேண்டிய விசயம் ஒண்டிருக்கு: போடித் தகடு ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. சாசிக்குப் போடுற கரண்ட் வெல்டிங்கை அதுக்குப் போட்டால் ஓட்டை பெருக்கும். காஸ் வெல்டிங்கிலயோ மிக் வெல்டிங்கிலயோ கைபழகின ஆளிட்டக் குடுங்கோ. உக்கினதை வெட்டி எறிஞ்சுபோட்டு நல்ல இரும்பு தெரியிற இடத்திலதான் ஒட்டுப் பிடிக்கோணும், துருவுக்கு மேல துண்டு வைச்சு ஒட்டினால் அடுத்த மாரிக்கே கழரும். ரெட் ஒக்சைட் அடிச்சுப்போட்டு அப்பிடியே விடவும் கூடாது. அது தண்ணியை உள்ள விடும், மேல ஒரு பூச்சு வேணும். தூரிகையால கறுப்புப் பூசினாலும் போதும், வடிவில்லாட்டிப் பரவாயில்லை. நாலு சில்லும் இழுக்கிற வேலையையும் இப்ப தொடாதேங்கோ. எங்கட தார் றோட்டுக்கும் கிறவல் ஒழுங்கைக்கும் பின் சில்லு ரெண்டும் காணும். முன் அச்சின்ர சீல், ஹப் எல்லாம் அடுத்த வருசக் காசு.

"இவ்வளவு கரைச்சல் ஏன்? 2025 மாசியில இருந்து இறக்குமதியைத் திறந்தாச்சு, புதுசு வாங்கலாமே" எண்டும் சொல்லுவினம். 2020 பங்குனியில நிப்பாட்டினது திறந்தது உண்மைதான். ஆனா நடுவில ரூபா விழுந்து போச்சு, வரி ஏறிப் போச்சு. அந்த விலை கட்டக்கூடிய ஆளுக்கு இந்தக் கட்டுரை எழுதேல்லை. தோட்டத்துக்கு உரமும் கிடுகும் ஏத்த, ஆச்சியைச் சந்தியில இருந்து வீட்டுக்குக் கொண்டுவர, ஒரு மழை நாளில பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விட எண்டு ஒரு வாகனம் வேணும், லீசிங் கட்ட ஏலாது எண்ட ஆளுக்குத்தான் எழுதுறன். "அப்ப ஓட்டோ?" நல்ல கேள்வி, கன பேருக்கு அதுதான் சரியான விடை, அதை மறுக்கேல்லை. வளவில ஏற்கெனவே ஒரு ஜீப் நிக்குது, சாசி பாடுது, கடுதாசி வரும் எண்டால் மட்டும்தான் ஜீப் பக்கம் கணக்கு வரும். சாசி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் பூட்டிற இடத்தில உக்கியிருந்தால் விட்டுவிடுங்கோ. அது அப்பாவின்ர ஜீப்பா இருந்தாலும் விடுங்கோ. எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் கழட்டி வித்தால், நல்ல சாசி உள்ள வேற ஒரு ஜீப்புக்கு அது உயிர் குடுக்கும். மனம் நோகும் எண்டு தெரியும். ஆனா உக்கின சாசியில பிள்ளையளை ஏத்திறதைவிட அது நல்லது.

கடைசியா, செய்த வேலையைக் காப்பாத்திறது. இதில மண்கும்பானுக்கு ஒரு வரம் இருக்கு. எங்கட வெள்ளை மணலுக்குக் கீழ நல்ல தண்ணி. சாட்டிப் பக்கத்துத் தண்ணி தீவகத்தில மற்ற ஊருகளுக்கும் போறது தெரியும்தானே. உப்புக்கு மருந்து நல்ல தண்ணிதான். சோளகம் அடிக்கிற காலத்தில கிழமைக்கு ஒருக்கா ரெண்டு வாளித் தண்ணியால அடியைக் கழுவி, சாசியின்ர வடிகால் ஓட்டையளைக் கம்பியால குத்தித் திறந்து, வெயிலில காய விட்டால் அதைவிட மலிஞ்ச வைத்தியம் இல்லை. (உவர்க் கிணறு உள்ள ஊரில அந்தத் தண்ணியால கழுவுறது உப்பை இன்னும் பூசிற மாதிரி. அங்க மழைத்தண்ணி சேத்து வைச்சுக் கழுவுங்கோ.) ஆனா ரெண்டு வாளிதான், குழாயைத் திறந்து விடாதேங்கோ. அந்தத் தண்ணி மணலுக்குள்ள உவர்த்தண்ணிக்கு மேல மிதக்கிற மெல்லிய படை, கூட இறைச்சால் கீழ இருக்கிற உவர் மேல வரும். இன்னுமொண்டு, இதைக் கெஞ்சிக் கேக்கிறன்: கழிவு ஒயிலைச் சாசிக்கு அடிக்கிற பழைய பழக்கத்தை எங்கட மணலில செய்யாதேங்கோ. துருவைத் தடுக்கும் எண்டது உண்மைதான். ஆனா சொட்டிற ஒவ்வொரு துளியும் மணலுக்குள்ளால நேரா ஊற்றுக்குப் போகும். சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில ஒயில் கலந்து சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கு 2019 இல உயர் நீதிமன்றத் தீர்ப்புவரைக்கும் போனது. ஒரு ஜீப்பின்ர சாசியைவிட ஊர்க்கிணறு பெரிசு. கிறீஸையோ மெழுகுப் பூச்சையோ தடவுங்கோ, விலை கொஞ்சம் கூடத்தான், ஒழுகாது. எஞ்சின் ஒயில் மாத்தேக்கயும் கீழ தட்டம் வைச்சுப் பிடிச்சு, போத்திலில ஊத்திக் கராச்சிலயே குடுத்துவிடுங்கோ.

எல்லாம் முடிஞ்ச பிறகு முதல் ஓட்டம் குறிகட்டுவானுக்கு வேண்டாம். முதலில ஒழுங்கைக்குள்ள பத்து மீற்றர் ஓட்டிப் பிறேக்கை மிதியுங்கோ, நேரா நிக்குதோ, ஒரு பக்கம் இழுக்குதோ எண்டு பாருங்கோ. சரியெண்டால் அல்லைப்பிட்டிச் சந்திவரைக்கும் மெதுவாப் போய் நிப்பாட்டி இறங்கி, நாலு சில்லின்ர நடுவிலையும் புறங்கையைக் கிட்டப் பிடியுங்கோ. ஒண்டு மட்டும் கொதிச்சால் அந்தப் பிறேக் விடேல்லை, இல்லாட்டிப் பெயரிங் போகுது. கீழ குனிஞ்சு புதுசா ஒட்டின இடங்களில வெடிப்பு இருக்கோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. சாசிக்குக் கீழ ஒரு பேப்பரை விரிச்சு அரை மணித்தியாலம் நிப்பாட்டி, எங்க என்ன நிறத்தில சொட்டுது எண்டு குறிச்சு வையுங்கோ. தண்ணியோ, ஒயிலோ, பிறேக் ஒயிலோ எண்டு அந்தப் பேப்பர் சொல்லும். ஒண்டும் சொட்டாட்டி, பண்ணைத் தாம்போதியைத் தாண்டிப் பட்டினத்துக்கு விடலாம்.